பின்னால் உம் கொட்டியவள்

அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை. மதியச் சாப்பாட்டு வேளை தாண்டியிருந்தது. சனோக் நகரிலிருந்து வரும் பஸ், தேசியப் பூங்காவின் வாசலில் ஒரே ஒரு பெண்ணை இறக்கிவிட்டுத் திரும்பிப் போனது. முதுகில் பெரிய பை, தோளில் கேமரா முக்காலி, காலில் சேறே படாத புது பூட்ஸ். வாசல் குடிசையின் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்த காவலர் பிரோனெக், டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"உன் ஆள் வந்தாச்சு, செலினா. பூட்ஸைப் பாரு, மாப்பிள்ளை பார்க்க வந்த மாதிரி இருக்கு."

"சும்மா இரு. காதுல விழப்போகுது."

செலினா கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். இந்த பியெஷ்சாடி மலையில் வழிகாட்டியாக இருந்தே அவளுக்குத் தலை நரைத்துவிட்டது. கணவன் ரிஷார்ட் வேலை தேடி நார்வே போனவன். முதலில் பணம் வந்தது, பிறகு கடுதாசி மட்டும் வந்தது, பிறகு அதுவும் நின்றுபோனது. பிள்ளைகள் இல்லை. பேச்சுக்கு ஆள் என்று பார்த்தால் பிரோனெக் ஒருவர்தான். அவரும் சாயங்காலமானால் சைக்கிளை எடுத்துக்கொண்டு தன் வீட்டுக்குப் போய்விடுவார்.

வந்தவள் பெயர் மர்ஜெனா. கடலோரத்து க்டினியாவிலிருந்து கரடியைப் படம் பிடிக்க வந்திருந்தாள். "பானி செலினா நீங்கதானே?" என்று, பெண்களை மரியாதையாக அழைக்கும் 'பானி' சேர்த்துக் கேட்டுக் கையை நீட்டினாள்.

பிரோனெக் தடுப்புக் கம்பைத் தூக்கினார். கடைசி ஆள் தாண்டும் வரை கம்பைத் தூக்கியே வைத்திருப்பது அவர் வழக்கம். போகும்போதும் அப்படித்தான், வரும்போதும் அப்படித்தான். கூட்டிப்போன ஆளைத் திரும்ப இந்தக் கம்புக்கு இந்தப் பக்கம் கொண்டுவந்து சேர்த்துவிட வேண்டும். வழிகாட்டி வேலை என்றால் மொத்தத்தில் அவ்வளவுதான். செலினா இதுவரை ஒருவரையும் விட்டுவிட்டு வந்ததில்லை.

இருவரும் தாண்டிய பிறகும் பிரோனெக் கம்பை இறக்காமல் நின்றார்.

"பராஸ்கா போயாச்சா? பாவாடை மாட்டிக்கப்போகுது."

"அவ முன்னாடியே போயிட்டா. நீ இறக்கு" என்றாள் செலினா.

மர்ஜெனா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். செலினா சிரித்துக்கொண்டே விளக்கிச் சொன்னாள்.

கரடிக் காட்டில் நடப்பவர் வாயை மூடிக்கொண்டு நடக்கக் கூடாது. ஆள் வருவது தெரிந்தால் கரடி தானாக ஒதுங்கிப் போய்விடும். தெரியாமல் முகத்துக்கு முகம் பார்த்துவிட்டால்தான் ஆபத்து. இரண்டு பேர் போனால் பேச்சு தானாக வரும். தனியாகப் போகிறவர்கள் "ஹோப், ஹோப்" என்று குரல் கொடுத்துக்கொண்டே போவார்கள். செலினாவுக்கு அது மாடு ஓட்டுவது போலக் கூச்சமாக இருந்தது. அதனால் கூட ஒருத்தி வருவதாக வைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தாள். பேச ஒரு பெயர் வேண்டுமே. மேலே கலினோவா என்று ஒரு ஊர் இருந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு, வேறு பாஷை பேசிய அங்கிருந்த ஜனங்களை மொத்தமாக ஏற்றி அனுப்பிவிட்டார்கள். வீடுகள் போய்விட்டன, ஆப்பிள் மரங்கள் மட்டும் நிற்கின்றன. அந்த ஊர்க் கல்லறையில் உடைந்து கிடந்த ஒரு கல்லில் பாதிப் பெயர்தான் மிச்சமிருந்தது. பராஸ்கா.

"அந்தப் பேரை எடுத்துக்கிட்டேன். 'பராஸ்கா, மெதுவா வா. கல்லு வழுக்கும். நான் இருக்கேன்.' இப்படியே பேசிட்டுப் போவேன். எத்தனையோ வருஷமா."

"நான் அப்பவே சொன்னேன்" என்று பிரோனெக் பின்னாலிருந்து கத்தினார். "மரம் வெட்டப் போறவங்க யாரும் காட்டுல பேர் சொல்லிக் கூப்பிட மாட்டாங்க. பேருன்னா அதுக்கு ஒரு ஆள் இருக்கும். என் பேச்சை இங்க யாரு கேக்கறா!"

பாதை சாம்பல் நிறப் பட்டை கொண்ட பீச் என்னும் காட்டு மரங்களுக்குள் நுழைந்தது. இலைகள் செம்பு நிறத்தில் உதிர்ந்து கிடந்தன. மர்ஜெனா நன்றாகப் பேசினாள், நன்றாகக் கேட்கவும் செய்தாள். கப்பல் துறைமுகத்தில் கணக்கு வேலை, வேலையை விட்டுவிட ஆசை, அம்மாவோடு சண்டை என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். செலினாவுக்கு ஏறுவதே தெரியவில்லை. பதில் பேசும் ஆளோடு நடந்து எவ்வளவு காலமாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டாள்.

அந்த ஊரில் மிஞ்சிய ஆப்பிள் தோட்டத்தை நெருங்கும் கடைசித் தூரத்துக்கு மட்டும் பேச்சு கிடையாது. காற்றுக்கு எதிர்ப்பக்கமாகச் சுற்றிப் போய், பலகை அடித்த மறைவுக் குடிலுக்குள் இருவரும் உட்கார்ந்தார்கள். எதிரே கலினோவாவின் ஆப்பிள் மரங்கள், பாசி படர்ந்து, கவனிப்பாரற்று, காய்த்துத் தள்ளியிருந்தன. கீழே விழுந்து அழுகிய பழங்களின் புளித்த வாடை குடிலுக்குள்ளும் வந்தது. இடதுபக்கம் உயர்ந்த புல்லுக்குள் ஒரு வாசற்படிக் கல் தெரிந்தது. அதற்குமேல் வீடு இல்லை. படிக்கு முன்னால் கிணறு ஒன்று உண்டு. அதன் மேல் போட்ட பலகைகள் இற்றுப்போனவை. போன கோடையில் செலினாவே அதைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தாள்.

கரடி வந்தது.

பழுப்பு நிறப் பெரிய ஆண் கரடி. மரத்தடியில் உட்கார்ந்து, ஊரில் பெரியவர்கள் சாப்பிடுவது போல அவசரமில்லாமல் ஒவ்வொரு பழமாகத் தின்றது. மர்ஜெனாவின் கேமரா மெல்ல டிக், டிக் என்றது.

திடீரென்று கரடி தின்பதை நிறுத்தியது.

பின்னங்காலில் எழுந்து நின்றது. குடில் இருந்த திசையை அது பார்க்கவேயில்லை. இடதுபக்கம், வாசற்படிக் கல்லையே பார்த்துக்கொண்டு நின்றது. பிறகு முன்கால்களை ஊன்றி, யாருக்கோ வழிவிடுவது போல ஒதுங்கி, திரும்பிப் பார்க்காமல் மரங்களுக்குள் போய்விட்டது.

"என்ன ஆச்சு அதுக்கு?" மர்ஜெனா கிசுகிசுத்தாள்.

"தெரியல."

"யாரோ பேசற மாதிரி இருந்துச்சு. ரொம்ப மெல்ல."

"காத்து" என்றாள் செலினா. காற்று இல்லை என்பது அவளுக்கே தெரிந்திருந்தது. அழுகிய ஆப்பிள் வாடைக்கு நடுவே இன்னொரு வாசனை லேசாக வந்து போனது. மழையில் நனைந்த கம்பளியின் வாசனை.

பொழுது சாய இன்னும் நேரமிருந்தது. ஆனால் பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி ஏறி வர ஆரம்பித்துவிட்டது. மலையில் அதோடு விளையாட முடியாது. செலினா மூட்டை கட்டச் சொன்னாள்.

"என் முதுகுல இருக்கற சிவப்புப் பையைப் பார்த்துக்கிட்டே வாங்க. நான் பேசிக்கிட்டே போவேன். நீங்களும் ஏதாவது சொல்லிக்கிட்டே வரணும். சும்மா 'ம்'னாகூடப் போதும். சரியா?"

"ம்" என்றாள் மர்ஜெனா சிரித்துக்கொண்டே.

பனி இருவரையும் மூடியது. பத்தடிக்கு அப்பால் மரங்கள் கரைந்துபோயின. செலினா வழுக்கும் கற்களைப் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து முன்னால் நடந்தாள், பேசிக்கொண்டே நடந்தாள். முதலில் கரடியைப் பற்றி, பிறகு குளிர்காலத்தைப் பற்றி. பின்னாலிருந்து "ம்" வந்தது. அவளே அறியாமல் பேச்சு ரிஷார்டிடம் போய் நின்றது.

"கடைசியா வந்த கடுதாசியில 'உடம்பைப் பார்த்துக்கோ'ன்னு எழுதியிருந்தான். நான் அதுல அன்பு இருக்குன்னு நினைச்சேன். பிறகுதான் புரிஞ்சுது, விட்டுட்டுப் போறவங்க எழுதற வரி அதுன்னு."

"ம்."

"இதை யார்கிட்டயும் சொன்னதில்ல. ராத்திரியில ரேடியோவை ஓடவிட்டுத்தான் தூங்குவேன். செய்திக்காக இல்ல. ஒரு குரல் வேணும்."

"ம்ம்."

அந்த உம்மில் அத்தனை பரிவு இருந்தது. செலினாவின் கண் கலங்கியது. முன்பின் தெரியாத ஒரு பெண், காலையில் பஸ் ஏறிப் போய்விடப்போகிறவள், இப்படிக் கேட்கிறாளே என்று நன்றியாக இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, அதைச் சொல்லிவிடலாம் என்று திரும்பினாள்.

பின்னால் யாரும் இல்லை.

வெறும் பனி. ஈரக் கம்பளியின் வாசனை.

"மர்ஜெனா!"

பதில் இல்லை. உம்மும் இல்லை.

எவ்வளவு தூரமாகச் செலினா இப்படித் தனியாகப் பேசிக்கொண்டு வருகிறாள்? எந்த 'ம்' மர்ஜெனாவுடையது, எந்த 'ம்' அவளுடையது அல்ல? யோசித்துக்கொண்டு நிற்க நேரமில்லை. வந்த வழியே ஓட்டமும் நடையுமாக ஏறினாள். கூட்டிவந்த ஆளைக் கம்புக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் சேர்க்க வேண்டும். வேறு எந்த நினைப்பும் அவளுக்கு இல்லை.

பாதையில் முக்காலியின் உறை கிடந்தது. அதை எடுக்கத்தான் நின்றிருப்பாள். அங்கிருந்து ஈரப் புல் மிதிபட்டு, பாதையை விட்டு விலகி, இடதுபக்கம் போயிருந்தது.

தோட்டத்தை நோக்கி.

அப்போது பனிக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது.

"மெதுவா வா. கல்லு வழுக்கும். நான் இருக்கேன்."

செலினா அப்படியே நின்றுவிட்டாள். அது அவளுடைய குரல். எத்தனையோ வருஷமாக இந்தப் பாதையில் அவள் சொல்லிப்போன சொற்கள், அவள் இழுக்கும் அதே இழுப்போடு, அவள் நிறுத்தும் அதே இடத்தில் நிறுத்தி வந்தன. கலினோவா ஜனங்கள் பேசிய பேச்சு வேறு. இந்தக் குரலுக்குச் சொந்தமாகச் சொற்கள் இல்லை. ஆளில்லாத மலையில் காதில் விழுந்த சொற்களையே அது கற்றுக்கொண்டிருந்தது.

"இங்க வா. பயப்படாத. நான் இருக்கேன்."

"வரேன், பானி செலினா" என்றது மர்ஜெனாவின் குரல், நிம்மதியோடு. "எங்கயோ போயிட்டீங்கன்னு பயந்துட்டேன்."

செலினா புல்லுக்குள் பாய்ந்தாள். பனி ஒரு கணம் விலகியது. அறுந்த கயிறு தரையில் கிடந்தது. மர்ஜெனா ஒரு கையை முன்னால் நீட்டிக்கொண்டு, யாரோ பிடித்து அழைத்துப்போவது போல நடந்துகொண்டிருந்தாள். அவள் எதிரே வாசற்படிக் கல். கல்லுக்கு முன்னால், புல்லால் மறைந்த, இற்றுப்போன பலகைகள்.

செலினாவுக்கு ஒன்று புரிந்தது. அது கெடுதல் செய்யக் கூப்பிடவில்லை. வீட்டுக்குக் கூப்பிடுகிறது. வாசல் வரை வந்த விருந்தாளியை உள்ளே அழைக்கிறது. கிணறு இற்றுப்போனது அதற்குத் தெரியவில்லை, அல்லது அது இன்னும் கிணறு நன்றாயிருந்த காலத்திலேயே நிற்கிறது.

"மர்ஜெனா! இங்க வா! நான் இங்க இருக்கேன்!" என்று கத்தினாள்.

"நான் இங்க இருக்கேன்" என்றது குரல், படிக்கல்லின் பக்கமிருந்து.

மர்ஜெனா குழம்பி இருபுறமும் திரும்பினாள். மறுபடி முன்னால் ஒரு காலைத் தூக்கினாள். செலினா ஓடிப்போய்ப் பிடிக்கும் தூரத்தில் இல்லை. எதைச் சொன்னாலும் அங்கேயும் அதே வார்த்தை, அதே குரலில் இருக்கிறது. வா என்றால் வா. இருக்கேன் என்றால் இருக்கேன்.

இத்தனை வருஷத்தில் இந்தப் பாதையில் தான் சொல்லாத வார்த்தை எது?

"வராதே!" செலினா தொண்டை கிழியக் கத்தினாள். "வராதே! என்கிட்ட வராதே! நில்லு!"

மர்ஜெனா தூக்கிய காலோடு உறைந்தாள்.

மலை முழுவதும் அமைதியானது. படிக்கல் பக்கமிருந்து ஒரே ஒரு சத்தம் வந்தது. யாரோ மூச்சை உள்ளே இழுத்து, விடாமல் அடக்கிக்கொண்டது போல. அதற்குப்பின் ஒன்றுமில்லை. கம்பளி வாசனையும் இல்லை.

செலினா போய் அவளைப் பின்னாலிருந்து இழுத்து அணைத்துக்கொண்டாள். மர்ஜெனாவின் பூட்ஸ் முனை இடித்து உடைந்த பலகைத் துண்டு ஒன்று உள்ளே விழுந்தது. தண்ணீரில் அது விழும் சத்தத்துக்காக இருவரும் காத்திருந்தார்கள். ரொம்ப நேரம் காத்திருக்க வேண்டியிருந்தது.

கீழே இறங்கும் வரை செலினா அவள் கையை விடவில்லை. கம்பருகே பிரோனெக் லாந்தரோடு நின்றுகொண்டிருந்தார். இருவரும் தாண்டினார்கள். வழக்கம்போல அவர் கம்பைப் பிடித்துக்கொண்டு, "பராஸ்கா வந்தாச்சா?" என்றார்.

"அவ வரல. இறக்கிடு."

பிரோனெக் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கம்பை இறக்கினார்.

மர்ஜெனா மறுநாள் முதல் பஸ்ஸில் போனாள். ஏறும்போது, "ரெண்டு பக்கமும் நீங்கதான் கூப்பிட்டீங்க. ஆனா ஒண்ணு சொல்லட்டுமா? அந்தப் பக்கம் இருந்த குரல்ல அன்பு அதிகமா இருந்துச்சு" என்றாள். பிறகு சொல்லியிருக்கக் கூடாதோ என்பது போல உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

பனி பெய்தது. பூங்கா மூடியது. செலினா கிணற்றின் மேல் புதிய கட்டைகளை அடித்து மூட ஆள் ஏற்பாடு செய்தாள். அதோடு அந்த விஷயம் முடிந்தது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் குளிர்காலம் முழுவதும், ரொட்டி அறுக்கும்போதும் விறகு அடுக்கும்போதும், அந்த அடக்கிக்கொண்ட மூச்சு காதில் இருந்தது. ரிஷார்ட் விட்டுப்போனபோது தானும் அப்படித்தான் மூச்சை அடக்கிக்கொண்டாள். இப்போது அவளே 'என்கிட்ட வராதே' என்ற வார்த்தையைப் பராஸ்காவின் காதில் விழச் சொல்லிவிட்டாள். சொல்லாமல் இருந்திருக்க முடியாது. ஆனாலும் சொன்னது சொன்னதுதான்.

ஏப்ரலில் பாதையைச் சரிபார்க்கத் தனியாக ஏறினாள். இந்த முறை மற்றவர்களைப் போல "ஹோப், ஹோப்" என்று குரல் கொடுத்தாள். கொஞ்ச தூரத்துக்கு மேல் தொண்டை எழும்பவில்லை. யாருக்கும் இல்லாமல் கத்துவது இவ்வளவு வெறுமையாக இருக்கும் என்று அவள் நினைத்திருக்கவில்லை. வாய் தானாக மூடிக்கொண்டது. தோட்டத்துக்குக் கீழே பாதை வளையும் இடத்தில், இளம் பீச் செடிகள் அடர்ந்த புதருக்குள், ஒரு சத்தமும் இல்லாமல் நடந்தாள். வழிகாட்டி செய்யவே கூடாத தவறு அது.

"வராதே."

அவள் காதருகே. அவள் குரலில்.

"நில்லு."

நின்றாள்.

வளைவுக்கு அந்தப் பக்கம், கையெட்டும் தூரத்தில், புதர் அசைந்தது. தாய்க்கரடி ஒன்று பாதைக்கு வந்தது. பாதையின் மறு ஓரத்தில் இரண்டு குட்டிகள். இன்னும் ஓரடி வைத்திருந்தால் செலினா குட்டிகளுக்கும் தாய்க்கும் நடுவில் போய் நின்றிருப்பாள்.

கரடி எழுந்து நின்றது. அதன் பார்வை செலினாவின் மேல் இல்லை. அவளுக்குப் பக்கத்தில், தோளுக்குத் தோள் ஒருவர் நின்றால் முகம் இருக்கும் உயரத்தில், அது பார்த்தது. மெல்ல முன்கால்களை ஊன்றியது. குட்டிகளை மூக்கால் தள்ளிக்கொண்டு பாதையை விட்டு ஒதுங்கிப் போனது.

ஈரக் கம்பளியின் வாசனை.

செலினா நெடுநேரம் அசையாமல் நின்றாள். திரும்பிப் பார்க்கவில்லை, பெயரும் சொல்லவில்லை. பிறகு கீழ்நோக்கி நடக்க ஆரம்பித்தாள். ஓடைக் கற்கள் வந்ததும் வேகத்தைக் குறைத்தாள்.

"மெதுவா வா" என்றாள் தாழ்ந்த குரலில். "கல்லு வழுக்கும்."

பின்னால் ஒன்றும் கேட்கவில்லை. ஓடையைத் தாண்டினாள்.

"ம்."

வாசலில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. பிரோனெக் கம்பைத் தூக்கினார். செலினா தாண்டி வந்தாள். அவர் கம்பை இறக்கவில்லை. வழக்கமான கேலியை எதிர்பார்த்து அவர் முகத்தைப் பார்த்தாள். அங்கே சிரிப்பு இல்லை. அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, அவளுக்குப் பின்னால் யாருக்கோ லேசாகத் தலை வணங்கினார். பிறகு யாருடைய பாவாடையும் கம்பில் சிக்கிவிடாமல் பார்ப்பவர் போல, கம்பை மெல்ல, மெல்ல இறக்கினார்.

"சீசன் தொடங்கலையே, அதுக்குள்ள ஆளைக் கூட்டிட்டு வந்துட்டியா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார். "உள்ள வரச் சொல்லு. பாவம், அந்த அம்மா நனைஞ்சு நடுங்குறாங்க."

வானத்தில் ஒரு துளி மேகமில்லை.

செலினா திரும்பிப் பார்க்கவில்லை. குடிசைக் கதவைத் திறந்து, மூடாமல் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"டீ போடு, பிரோனெக்" என்றாள். "ரெண்டு கிளாஸ்."